எல்டன் டிங்வெல்லும் மாட்டுப்பட்டாணியும்

எல்டன் டிங்வெல்லைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் கால்டர் முனையில் எல்லோரும் அவன் பனி தள்ளுவதைச் சொல்வார்கள். உண்மைதான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை எங்கள் மண் சாலையில் நான்கு வீட்டு வாசலிலும் டிராக்டரை விட்டுப் பனியைத் தள்ளிக் கொடுப்பவன் அவன்தான். அதற்குக் காசு வாங்கமாட்டான். வாங்கியிருந்தால் இத்தனை ஆண்டு அவன் பேச்சை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

நானும் அவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பார்கள். நான் படித்தேன், அவன் வந்துபோனான். பிறகு நான் அதே பள்ளியில் ஆசிரியராகி, பள்ளி எரிந்துபோன பின் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஓய்வு பெற்றேன். எல்டன் சாலையோரப் புல் வெட்டும் இயந்திரத்தை முப்பத்து நான்கு ஆண்டு ஓட்டினான். அந்தக் காலத்தில் எங்கள் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஆட்சி மாறினால் சாலை வேலைக்காரர்களும் மாறுவார்கள். எல்டன் மட்டும் ஒருமுறைகூட வேலை மாறவில்லை, கட்சி மாறினான். அவன் அலமாரியில் கட்சிக்கு ஒன்றாக ஒரு சிவப்புத் தொப்பி, ஒரு நீலத் தொப்பி. தேர்தலுக்கு முந்தைய வாரம் அவன் மனைவி வெர்னா இரண்டையும் துவைத்துக் காயப்போடுவாள். எது காய்கிறது என்று பார்த்துத்தான் யார் ஜெயிப்பார்கள் என்று ஊர் முடிவு செய்யும் என்று ஒரு பேச்சு. இரண்டும் ஒரே கொடியில் காயும் என்பதால் அது பொய்.

எங்கள் சாலை என்றேன். 1999 வரை அதற்குப் பெயரே கிடையாது. பெரிய சாலையிலிருந்து இடப்பக்கம் பிரிந்து, சிவப்பு மண்ணில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போய், கடலைப் பார்த்ததும் துணிச்சல் போய் நின்றுவிடும் பாதை அது. முகப்பில் வீடு எதுவும் தெரியாது. ஊசியிலை மரங்களைத் தாண்டினால் முதலில் என் வீடு. அடுத்தது உருளைக்கிழங்கு போடும் லோர்ன் மக்நெவினுடையது. அதற்கடுத்து தேனீ வளர்க்கும் டீனெகே. கடைசி வீடு எல்டனும் வெர்னாவும்.

தீவில் மனிதர்கள் இரண்டு வகை. இங்கே பிறந்தவர்கள்; வந்தேறிகள். மூன்றாவது வகை இல்லை. டீனெகே எட்டு வயதில் பெற்றோருடன் ஹாலந்திலிருந்து வந்தவள். இங்கே வளர்ந்து, இங்கே கல்யாணம் செய்து, இங்கேயே கணவனைப் புதைத்தவள். வந்து நாற்பத்தைந்து ஆண்டு ஆகிவிட்டது. எல்டனைவிட நன்றாக எங்கள் ஊர் மாதிரி பேசுவாள். ஆனாலும் சர்ச் இரவு உணவில் அவள் கொண்டுவரும் உருளைக்கிழங்கு சாலட்டை எல்டன் கரண்டியால் தள்ளிப் பார்த்து, "இது அவங்க ஊர்ப் பக்குவம் போல" என்பான். அவள் அதைக் கற்றுக்கொண்டது வெர்னாவிடம்.

யார் வந்தேறி, எத்தனை தலைமுறைக்கு வந்தேறி என்பதையெல்லாம் முடிவு செய்யும் அதிகாரத்தை எல்டனுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவனே எடுத்துக்கொண்டான். இத்தனைக்கும் அவன் பிறந்தது தீவில் அல்ல. அவன் அம்மா ஒரு ஜனவரியில் தன் அக்காவைப் பார்க்க நீரிணையைக் கடந்து போனாள். பனி இறுகிக் கப்பல் நின்றுவிட்டது. குழந்தை அக்கரையிலேயே பிறந்தது. ஆறு வாரக் குழந்தையாகத்தான் எல்டன் தீவுக்கு வந்து சேர்ந்தான். ஊருக்கே தெரியும். யாரும் சொல்வதில்லை. பனி தள்ளுகிறானே.

மனிதர்களில் வந்தேறிகளை அவனால் முறைக்கத்தான் முடிந்தது. செடிகளில் முடிந்தது வேறு. மாட்டுப்பட்டாணி என்று நாங்கள் சொல்லும் கொடி, பட்டாணிக்குத் தூரத்துச் சொந்தம். காய் தின்ன ஆகாது, மாடு தின்னும். ஐரோப்பாவிலிருந்து யாருடைய புல்விதையோடோ, யாருடைய மெத்தை வைக்கோலோடோ கப்பலேறி வந்தது. எவர் கொண்டுவந்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வந்ததிலிருந்து சாலையோரம், வயல் வரப்பு, வேலி, கல்லறை என்று எதையும் விடவில்லை. சொந்தமாக நிமிர்ந்து நிற்கத் தெம்பு கிடையாது. இலை நுனியில் சுருள் வைத்துக்கொண்டு பக்கத்தில் எது நிற்கிறதோ அதைப் பிடித்து ஏறும். ஏறி முடித்ததும் தான்தான் அங்கே முதலிலிருந்து நிற்பது போல, ஒரே பக்கமாகச் சாய்ந்த நீல ஊதாப் பூக்கொத்துகளைத் தொங்கவிடும். எல்டனுக்கு அதைப் பிடிக்காமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இருவருக்கும் ஜாடை ஒன்று.

அவன் சொல்லும் காரணம் தொழில் சார்ந்தது. புல் வெட்டும்போது மற்றச் செடிகள் வெட்டுப்பட்டு விழும். மாட்டுப்பட்டாணி விழாது, இயந்திரத்தின் சுழலும் தண்டில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். நிறுத்தி, இறங்கி, மல்லாக்கப் படுத்து, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். முப்பத்து நான்கு கோடைகாலம் இதைச் செய்தவனுக்குக் கோபம் இருக்கலாம். ஆனால் அதே சாலையோரத்தில் ஜூன் மாதம் பூக்கும் லூபினை அவன் கும்பிடாத குறை. லூபின் வந்தால் வேலையை நிறுத்திவிடுவான். விதை முற்றும் வரை வெட்டமாட்டான். அதுவும் ஊதா. அதுவும் பட்டாணிக் குடும்பம். ஒருமுறை அவனிடம் சொன்னேன்.

"லூபினும் வந்தேறிதான் எல்டன். தோட்டத்துக்குன்னு யாரோ கொண்டுவந்தது."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"அந்தப் புத்தகம் எங்க அச்சடிச்சது?"

"டொரண்டோவுல."

"அப்புறம் என்ன?" என்றான்.

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் சாலை முகப்பில் இருக்கும் மேட்டை அவனே வெட்டினான். பழைய ஆள் என்ற மரியாதைக்காக, அரசாங்கத்து இயந்திரம் பெரிய சாலை நெடுக வெட்டிக்கொண்டு வரும்போது அந்த மேட்டை மட்டும் விட்டுவிட்டுப் போகும். எல்டனுக்கு ஜூலை இரண்டாம் திங்கட்கிழமைதான் நாள். அதற்குள் மற்ற ஓரங்களெல்லாம் மொட்டையாகி, அந்த மேடு மட்டும் இடுப்பளவு ஊதாவாக நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முந்தைய ஞாயிறு டீனெகே அவனிடம் போய்க் கேட்பாள். 1999-லும் சர்ச் வாசலில் கேட்டாள்.

"ரெண்டே ரெண்டு வாரம் பொறுத்துக்கோ எல்டன். என் தேனீங்களுக்கு இப்பதான் பந்தியே போட்டிருக்கு."

"வேற எங்கயாவது போய்ச் சாப்பிடச் சொல்லு."

"அதுங்களும் உன்ன மாதிரிதான், ஊரைத் தாண்டாதுங்க."

"அப்ப நம்ம ஊர்ப் பூவுல உக்காரச் சொல்லு. வந்தேறிக்கு வந்தேறி சிபாரிசு!" என்று சுற்றிலும் பார்த்தான், யாராவது சிரிக்கிறார்களா என்று. நான் சிரித்தேன். அந்த ஆண்டு பனி அதிகம் என்று பஞ்சாங்கம் போட்டிருந்தது.

 ஒவ்வொரு செப்டம்பரிலும் டீனெகே அவன் வாசலில் இரண்டு பாட்டில் தேன் வைத்துவிட்டுப் போவாள். எல்டன் அதை சூடான பிஸ்கட்டில் வழியவிட்டுத் தின்பான். "தீவுத் தேன் தீவுத் தேன்தான்" என்பான். பாதிக்கு மேல் மாட்டுப்பட்டாணித் தேன் என்று வெர்னாவுக்குத் தெரியும். சொன்னால் பாட்டில் வீணாகும் என்று சொல்லாமல் இருந்தாள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை நடந்ததை வெர்னா ஒரு பக்கமும் டீனெகே ஒரு பக்கமும் எனக்குச் சொன்னார்கள். இரண்டும் பொருந்தின. எங்கள் ஊரில் அதுவே அபூர்வம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு எல்டன் டிராக்டரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். முதல் வரிசை பாதி வெட்டுவதற்குள் கொடி தண்டில் சுற்றி இறுகி இயந்திரம் நின்றுவிட்டது. பையைத் துழாவினால் கத்தி இல்லை. டிராக்டரை அப்படியே பூவுக்குள் மூக்கை விட்ட நிலையில் நிறுத்திவிட்டு, திட்டிக்கொண்டே ஒரு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தான். வெர்னா அடுப்பில் ஸ்ட்ராபெரி ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் மேசை இழுப்பறையில் கத்தி தேடும்போது பின்னால் கரண்டி விழும் சத்தம். திரும்பினால் வெர்னா தரையில் கிடந்தாள். நெஞ்சைப் பிடித்திருந்தாள். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை.

கொடியை அறுக்கக் கத்தி தேடி வந்ததால்தான் எல்டன் வீட்டில் இருந்தான். கொடி சுற்றாவிட்டால் சாயங்காலம் வரை மேட்டில்தான் இருந்திருப்பான். செடிக்கு நோக்கம் கற்பிக்கிறவன் நான் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சுவரில் மாட்டிய தொலைபேசியை எடுத்து அவசர உதவியைக் கூப்பிட்டான். நகரத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, வழி சொல்லுங்கள் என்றாள். இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. நாங்கள் இருப்பதை வைத்து வழி சொல்வதில்லை. இருந்ததை வைத்துச் சொல்வோம். இருப்பதைச் சொன்னால் வெளியாளுக்குக்கூடப் புரிந்துவிடும் என்பதாலோ என்னவோ.

"பள்ளிக்கூடம் எரிஞ்ச இடத்தைத் தாண்டி வரச் சொல்லும்மா" என்றான் எல்டன். "அப்புறம் மக்நெவின் களஞ்சியத்துல இடது பக்கம்."

"களஞ்சியம் ரோட்டுல இருந்து தெரியுமா சார்?"

"தெரியாது. அறுபத்தொண்ணுல இடி விழுந்து எரிஞ்சுபோச்சு."

"இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் சொல்றேனே, எரிஞ்சுபோச்சு."

"சார், டிரைவர் பாக்கற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"ஹெட்லி கடையைப் பாத்துட்டா ரொம்ப தூரம் போயிட்டாங்கன்னு அர்த்தம்."

"கடை பேரு பலகையில இருக்குமா?"

"கடையை மூடி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா! நீ எந்த ஊரு?"

டிரைவரும் அக்கரைக்காரன். புதிதாகக் கட்டிய பாலம் வழியாக வேலைக்கு வந்தவன். எங்கள் முகப்பைத் தாண்டிக் கிழக்கே போனான். திரும்பி வந்து மேற்கே போனான். பெட்ரோல் பங்கில் நின்று மக்நெவின் களஞ்சியம் எங்கே என்று கேட்டான். அங்கே இருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். இதற்குள் அடுப்பில் ஜாம் தீய ஆரம்பித்துவிட்டது. எல்டன் தொலைபேசிக் கம்பி நீளும் தூரத்துக்குள் நடந்துகொண்டே, களஞ்சியம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

தேன்கூடுகளுக்கிடையே நின்ற டீனெகேவுக்கு முதலில் தீய்ந்த சர்க்கரை வாசனை வந்தது. பிறகு எல்டன் கத்துவது. தலையில் வலையோடு ஓடி வந்தாள். தரையில் வெர்னாவைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள், எல்டன் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"டிரைவர்கிட்ட சொல்லுங்க. பெரிய ரோட்டுல கிழக்கே வரணும். ஓரமெல்லாம் மொட்டையா வெட்டியிருக்கும். இடது பக்கம் ஒரே ஒரு மேடு மட்டும் வெட்டாம இடுப்பு உயரத்துக்கு ஊதாப் பூவா நிக்கும். மாட்டுப்பட்டாணி. அது முடியற இடத்துல மண் ரோடு. திரும்பி, கடைசி வீடு."

நான்கு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் என் வீட்டைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. எல்டன் வழி சொன்ன நேரம் மட்டும் பதினொரு நிமிடம். இன்னொரு பத்து நிமிடம் ஆகியிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கவே வேண்டாம் என்று மருத்துவர் சொன்னாராம்.

வெர்னா மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தாள். எல்டன் தினமும் போனான். பார்வையாளர் நேரம் தொடங்கும் முன்பே போய் நடையில் நிற்பான் என்று கேள்விப்பட்டேன். அதை இங்கே சேர்த்துக்கொள்கிறேன். என் சித்திரத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. பொருந்தும் ஒன்றையும் சொல்கிறேன். நான்காம் நாள் காலை, மருத்துவமனைக்குக் கிளம்பும் முன், அவன் மேட்டுக்குப் போய்த் தண்டில் சுற்றிய கொடியை அறுத்தெடுத்துவிட்டு, மேட்டை ஒரு பூ மிச்சமில்லாமல் வெட்டி முடித்தான்.

வழியில் பார்த்தேன். "என்ன எல்டன் இது?"

"ரெண்டாம் திங்கள் தவறிப்போச்சு" என்றான்.

"இந்தப் பூவாலதான் வண்டி வந்துது."

"பூவா? என் டிராக்டரைப் பாத்துட்டு வந்தாங்க. அவ்வளவு பெரிய டிராக்டரு நிக்குது, பூவைப் பாத்தாங்களாம்!"

ஊர் முழுக்க அதையே சொன்னான். டீனெகேவுக்கு நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை. தான் வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீனெகே தொலைபேசியைப் பிடுங்கிவிட்டாள், இல்லாவிட்டால் தானே சொல்லி முடித்திருப்பான் என்றும் ஒரு கிளைக்கதை ஓடியது. பிறகு அந்த டிரைவர் சர்ச் மண்டபத்து இரால் விருந்துக்கு வந்தபோது லோர்ன் அவனிடம் நேரடியாகவே கேட்டான்.

"டிராக்டரா?" என்றான் டிரைவர். "டிராக்டர் எதுவும் நான் பாக்கலையே. அந்தக் காட்டுக்குள்ள டிராக்டர் வேற இருந்துதா?"

எல்டன் வெண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வந்தேறிகளுக்குக் கண் அவ்வளவுதான் என்றான்.

அக்டோபரில் ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வழி தவறாமலிருக்க, மூன்று வீட்டுக்கு மேல் உள்ள எல்லாச் சாலைகளுக்கும் பெயர் வேண்டும். குடியிருப்பவர்களே பெரும்பான்மையாகத் தீர்மானிக்கலாம். கடிதம் வந்த அன்றே எல்டன் ஒரு தேவதாருப் பலகையை இழைத்து, டிங்வெல் சாலை என்று வெள்ளையில் எழுதித் தன் களஞ்சியத்தில் காயவைத்துவிட்டான். அதை எனக்கும் காட்டினான். எழுத்து நன்றாகவே இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டு மற்றவர்கள் பெயர் வைத்த சாலைகளின் ஓரத்தை வெட்டியவன், பிள்ளை இல்லை, டிங்வெல் என்ற பெயர் எங்கள் முனையில் அவனோடு சரி. அந்தப் பலகையைத் தடவிக்கொண்டு நின்றபோது, அவன் எதையும் அதற்கு முன் இவ்வளவு வேண்டி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. வெளியே வந்ததும் போய்விட்டது.

பெயர் எழுதிக்கொள்ள அலுவலகத்திலிருந்து கோரின் என்று ஓர் இளம்பெண் வந்தாள். கூட்டம் என் சமையலறையில். ஐந்து பேர்: எல்டன், வெர்னா, லோர்ன், டீனெகே, நான். வெர்னா வீட்டைவிட்டு வெளியே வந்த முதல் நாள் அது. மெலிந்திருந்தாள், கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டிங்வெல் சாலை" என்றான் எல்டன், யாரும் கேட்பதற்கு முன்பே. "எழுதிக்கம்மா."

கோரின் ஒரு தடித்த பட்டியலைப் புரட்டினாள். "அந்தப் பேரு ஏற்கெனவே ரெண்டு இடத்துல இருக்கு சார். ஒரே பேரு ரெண்டு இருந்தா வண்டி குழம்பிடும். குடுக்க முடியாது."

"அப்ப எல்டன் டிங்வெல் சாலை."

"உயிரோட இருக்கறவங்க பேரு வைக்கக் கூடாது சார்."

"அதுக்கு ஒரு வழி இருக்கு எல்டன்" என்றான் லோர்ன். "ஆனா நீ ஒத்துக்க மாட்டே."

எல்டன் அவனைப் பார்த்த பார்வையில் அந்தக் குளிர்காலம் லோர்ன் வாசலில் பனி தேங்கும் என்று தெரிந்தது. "லூபின் சாலை" என்றான் பிறகு.

"லூபின்ல ஏழு இருக்கு சார்."

அப்போது டீனெகே, "வண்டிக்காரங்களுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கே" என்றாள். கோரின் தலையாட்டினாள். ஆம்புலன்ஸ் நிலையத்து வரைபடத்தில் யாரோ பேனாவால் 'மாட்டுப்பட்டாணி' என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். பட்டியலில் அப்படி ஒரு பெயர் தீவு முழுக்க இல்லை.

"செத்தாலும் முடியாது!" என்றான் எல்டன். "களையோட பேர்ல நான் குடியிருக்கணுமா? வந்தேறிக் களை! லோர்ன், உங்கப்பா களஞ்சியம்டா. பழைய களஞ்சியச் சாலைன்னு வெச்சா என்ன? ஊர்ப் பேரா இருக்கும். உங்கப்பாவுக்கும் மரியாதை."

லோர்னுக்கு அது பிடித்துவிட்டது. அப்பா பெயரைச் சொன்னால் அவனுக்கு எப்போதுமே பிடித்துவிடும். கையைத் தூக்கினான். எல்டன் தூக்கினான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முதல் பனித்துகள் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வயது எழுபது. என் வாசல் நீளம் அறுபது அடி. நானும் கையைத் தூக்கினேன். படித்தவன் கை மற்றக் கைகளைவிடக் கொஞ்சம் மெதுவாக உயரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"மூணு" என்றாள் கோரின், எழுதப் போனாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் வெர்னா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை. "எல்டன், அந்தக் களஞ்சியம் எங்க இருக்கு?"

"என்ன கேள்வி இது? திருப்பத்துல."

"அந்தப் பொண்ணுக்குக் காட்டு."

"எரிஞ்சுபோனதை எப்படிக் காட்டறது?"

"நான் கண்ணை மூடல எல்டன்" என்றாள் வெர்னா. "தரையில கிடந்தேனே, எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். பள்ளிக்கூடம், களஞ்சியம், ஹெட்லி கடை. அந்தக் கடை எந்த வருஷம் மூடினாங்கன்னு சொன்னே. நெஞ்சுல கல்லு ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு, வாயைத் திறக்க முடியல. நீ களஞ்சியத்தோட கதவு எந்தப் பக்கம் இருந்துதுன்னு சொல்லிட்டிருக்கே. இந்த ஊர்ல இல்லாத எல்லாத்தையும் கேட்டுட்டே சாகப்போறேன்னு நெனச்சேன்."

எல்டன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். 

"நான் பதட்டத்துல..."

"தெரியும். அதனாலதான் இத்தனை நாள் சொல்லல. ஆனா மறுபடியும் எனக்கு வந்தா? இவ வீட்டுல இல்லேன்னா?" டீனெகேவைக் கையால் காட்டினாள். "நீ மறுபடியும் களஞ்சியத்தைத்தான் சொல்லுவே."

"மாட்டுப்பட்டாணி வந்தேறி வெர்னா" என்றான் எல்டன், பாதிக் குரலில். எதிர்ப்பா கெஞ்சலா என்று எனக்குப் பிரியவில்லை.

"நீ மட்டும்? ஆறு வாரத்துல துணி சுத்திக் கப்பல்ல கொண்டாந்த ஆளு. உன்ன வெச்சு நான் நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணலையா?"

எழுபது ஆண்டு ஊர் மென்று விழுங்கியதை அவள் ஒரு மூச்சில் மேசைமேல் போட்டுவிட்டாள். முதலில் சிரித்தது லோர்ன். அடக்கப் பார்த்து இருமினான், பிறகு முடியாமல் நாற்காலி ஆட ஆடச் சிரித்தான். "அம்மா தாயே, என் கையை எறக்கிக்கறேன்" என்றான். லோர்ன் மாறிவிட்டான் என்றால் பெரும்பான்மை மாறிவிட்டது. பெரும்பான்மையோடு இருப்பது என் கொள்கை. நானும் மாறினேன். நான்குக்கு ஒன்று. வெர்னா பேனாவை வாங்கித் தாளில் தன் கையாலேயே பெயரை எழுதினாள்.

எல்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். சிவப்பா நீலமா என்று கவனிக்கத் தோன்றவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன்: வண்டிக்குள் ஏறவில்லை. வெர்னா இறங்கும் படியில் விழுந்திருந்த பனியைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நின்றான்.

அந்தக் குளிர்காலம் எல்லா வாசலிலும் பனி தள்ளினான். டீனெகே வாசலில் மட்டும் கொஞ்சம் அதிகச் சுத்தமாகத் தள்ளினான் என்று லோர்ன் சொல்கிறான். நான் அளந்து பார்க்கவில்லை. தேவதாருப் பலகை இப்போது அவன் கோழிக் கூண்டின் நெற்றியில் இருக்கிறது. டிங்வெல் சாலையில் பதினான்கு கோழிகள் வசிக்கின்றன.

வசந்தத்தில் பச்சை நிறத் தகரப் பலகையில் மாட்டுப்பட்டாணிச் சாலை என்று எழுதி முகப்பில் நட்டார்கள். மேட்டை ஆகஸ்ட் வரை வெட்டக் கூடாது என்று வெர்னா சொல்லிவிட்டாள். கொடிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜூன் முடிவதற்குள் கம்பத்தைப் பிடித்தது. ஜூலை முதல் வாரம் பலகையில் ஏறிவிட்டது. இரண்டாம் வாரம் பார்த்தால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பெயர் கொடுத்த செடியே பெயரை விழுங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தால் எதைப் படிக்கும்?

ஆகவே ஜூலை இரண்டாம் திங்கட்கிழமை எல்டன் டிராக்டர் இல்லாமல், ஓர் ஏணியோடும் வெர்னாவின் துணி வெட்டும் கத்தரியோடும் முகப்புக்கு வந்தான். பலகையைச் சுற்றிய சுருள்களை ஒவ்வொன்றாக வெட்டினான், எழுத்தில் கீறல் விழாமல். இயந்திரத்தால் ஒரு மணி நேரத்தில் மேட்டையே மொட்டை அடித்தவனுக்கு அந்த ஒரு பலகைக்கு அரைநாள் ஆயிற்று. டீனெகேவின் தேனீக்கள் அவன் காதோரம் போய் வந்துகொண்டிருந்தன. கடிதப் பெட்டிக்குப் போன நான் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"என்ன பாக்கறே?" என்றான்.

"ஒண்ணுமில்ல. மனசு மாறிட்டியோன்னு பாத்தேன்."

"மாறறதுக்கு என்ன இருக்கு? களை களைதான். வண்டிக்குப் பேரு தெரியணும்."

அப்போது பார்சல் கொண்டுவரும் வேன் ஒன்று வேகம் குறைத்து நின்றது. உள்ளே இருந்தவன் தலையை நீட்டினான். வெளியூர் ஆள்.

"ஐயா, மாட்டுப்பட்டாணிச் சாலை எது?"

எல்டன் ஏணியில் நின்றபடி கீழே பார்த்தான். கழுத்தில் வெட்டிய கொடி மாலை மாதிரி கிடந்தது. தலைக்கு மேல் பலகை பளிச்சென்று இருந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி" என்றான். "இது மக்நெவின் களஞ்சியம் இருந்த இடம்."